நாமக்கோழிக்கு ஆதார் கார்டு

வா தம்பி, வா. கழுத்துல என்னாத்தத் தொங்க வுட்டுகினு வர்ற? கேமராவா? சரிதான். பிரெஞ்சுக்காரன் எடுத்துகினு போவ மறந்த பீரங்கியோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன். தலையில எலை அச்சடிச்ச தொப்பி, காலுல முழங்கால் மட்டும் பூட்ஸு, சட்டை பூரா பை. ஊசுட்டேரிக்குப் பறவை எண்ணப் போறியா, இல்ல காஷ்மீர் எல்லைக்குக் காவலுக்குப் போறியா?

போ, போ. வேணாம்னு சொல்லல. 1987-லேர்ந்து ஆசியா பூரா ஜனவரி மாசம் இந்த வேலை நடக்குது. ரெண்டாவது, மூணாவது வாரத்துல ஏரிக்கரை, கழிமுகம், உப்பளம்னு நின்னு நீர்ப்பறவை எண்ணுறாங்க. பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆளுங்க. பொங்கலுக்குன்னு தனியா ஒரு பறவைக் கணக்கு 2015-லேர்ந்து நம்ம பக்கத்துப் பசங்களே ஆரம்பிச்சு நடத்தறாங்க. மாட்டுப் பொங்கல் அன்னைக்கு மாட்டை வுட்டுட்டு மைனாவை எண்ணுறான் பாரு, அவனை நான் பாராட்டத்தான் செய்யறேன்.

ஒரே ஒரு சந்தேகம். எண்ணி என்னா பண்ணப் போற?

முழிக்கிற பாத்தியா! நானே சொல்றேன். கெழவனுங்க வாயை அடைக்கறதுக்குத்தான் எண்ணணும். என்னையே எடுத்துக்க. "அந்தக் காலத்துல ஊசுட்டேரியில பறவை எழுந்தா சூரியனே தெரியாது"ன்னு ஒரு போடு போடுவேன். நீயும் வாயப் பொளந்துகினு கேப்ப. ஏன்? நான் சொல்றது பொய்யின்னு சொல்ல ஒருத்தன் கையிலயும் தாள் கெடையாது. ஒவ்வொரு கெழவனும் தன் அரை டவுசர் வயசுல பாத்ததைத்தான் முழுசுன்னு நெனச்சுகினு இருக்கறான். அவன் அப்பன் பாத்தது அதைவிட அதிகமா இருந்திருக்கும். நாளைக்கு நீ ஒன் பேரன்கிட்ட, இன்னைக்கு நாம அழுதுகினு இருக்கோமே, இதையே "ஆஹா அந்தக் காலம்"னு சொல்லப் போற. கொறைஞ்சுகினே போறது ஒருத்தனுக்கும் தெரியாது. அதுக்குத்தான் தாள்ல எழுதி வெக்கணும். வருஷா வருஷம், அதே மாசம், அதே எடம். ஒரு வருஷம் போட்டோ புடிச்சுட்டு மறுவருஷம் கோவாவுக்குப் போனா அது கணக்கா? அது சுற்றுலா.

ஊசுட்டேரியப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்? போட்டு வுடுவாங்க, சாயந்தரம் காத்து நல்லா வரும், செல்ஃபி நல்லா விழும். அவ்வளவுதானே? கேளு. புதுச்சேரி வட்டாரத்துல இருக்கற 84 ஏரியில இதுதான் பெருசு. ஏறக்குறைய 800 ஹெக்டேர். அதுல 390 ஹெக்டேர் நம்ம பக்கம். மிச்சம் விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா. கரையில நின்னு பாத்தா ஒரே தண்ணிதான். தாசில்தார் ஆபீசு வரைபடத்துல பாத்தா ரெண்டு ராஜ்யம். நம்ம அரசாங்கம் நம்ம பங்கைப் பறவைகள் சரணாலயம்னு 2008-ல அறிவிச்சுது. அந்தப் பக்கத்து அரசாங்கம் அவங்க பங்கை அறிவிச்சது சில வருஷம் கழிச்சுத்தான். நடுவுல அந்தச் சில வருஷம் ஏரி வாத்தோட கதியை யோசிச்சுப் பாரு. இந்தப் பக்கம் நீந்தினா சரணாலயத்து விருந்தாளி. அந்தப் பக்கம் நீந்தினா சாதா வாத்து. வேட்டையாடினா ஜெயிலுங்கற சட்டம் 1972-லேர்ந்து ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அது வேற விஷயம். அந்தச் சட்டத்தை வாத்து படிச்சிருந்திச்சு. உள்ளான் வறுவலுக்கு அலையறவன் படிக்கல.

எல்லையை இப்படிக் கோணல்மாணலாக் கிழிச்சது இந்த ஆபீசரும் இல்ல, அந்த ஆபீசரும் இல்ல. வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடிச்சுகினு, அப்புறம் ராஜியாகி, ஊர் ஊராப் பங்கு போட்டுகினதோட மிச்சம். 1954 நவம்பர் ஒண்ணாந்தேதி பிரெஞ்சுக்காரன் ஆட்சியை ஒப்படைச்சான். 1962-ல காகிதத்துலயும் எழுதிக் குடுத்துட்டான். எல்லைக்கோட்டை மட்டும் ஏரித் தண்ணிக்குள்ளயே வுட்டுட்டுப் பூட்டான். கோரிமேடு செக்போஸ்ட்ல உன் வண்டி டிக்கியத் தொறந்து பாட்டில் இருக்கான்னு மோந்து பாக்கறாங்க. கையில பாட்டில் இல்லாம இந்த எல்லையைத் தாண்டுற ஒரே கூட்டம் பறவைக் கூட்டந்தான். அதனாலதானோ என்னமோ அதை யாரும் கண்டுக்கறதில்ல.

ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்லுவாங்க. ஏரி ரெண்டுபட்டா யாருக்குக் கொண்டாட்டம்? கரையைச் சொரண்டறவனுக்கு. இங்கேர்ந்து வெரட்டினா அங்க போய் நிப்பான். "இது எங்க எல்லையில வராது"ன்னு ரெண்டு ஆபீசுலயும் மரியாதையாச் சொல்லி நாற்காலி போடுவாங்க.

சரி, எண்ணப் போறதுன்னா ஒழுங்கா எண்ணு. சொல்லித் தர்றேன், காசு வேணாம், ஒரு டீ வாங்கிக் குடு.

காலையில கெழக்குக் கரையில நின்னு மேக்கப் பாரு. வெயில் ஒன் முதுகுல அடிக்கணும், பறவை மேல வெளிச்சம் விழணும். எதிர்வெயில்ல நின்னா எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். முன்னூறு கெஜத்துல கறுப்பா ஒரு கூட்டம் மெதக்குதா? அது பெரும்பாலும் நாமக்கோழி. ஒடம்பு பூரா கறுப்பு, நெத்தியில பளிச்சுன்னு வெள்ளை நாமம். வடகலையா தென்கலையான்னு மட்டும் கேக்காத, அது சண்டையில முடியும். அதுல கொஞ்சம் இங்கயே குடும்பம் நடத்தறது. கொஞ்சம் குளிருக்கு வடக்கேர்ந்து வர்றது. நாமத்தைப் பாத்து எது உள்ளூரு எது வெளியூருன்னு சொல்ல முடியாது.

ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஆரம்பிக்காத. நாப்பத்தெட்டு வர்றப்போ முன்னால இருக்கறது முங்கிடும், பின்னால இருக்கறது மேல வரும். முதல்ல பத்து எண்ணு. அந்தப் பத்து எம்மாம் எடம் புடிக்குதுன்னு கண்ணுல வாங்கிக்க. அதே அளவுல பத்து தரம் நகத்து, நூறு. அந்த நூறைக் கூட்டத்து மேல ஓரத்துலேர்ந்து ஓரம் வரைக்கும் வெச்சுகினே போ. பக்கத்துல இன்னொரு ஆளு தனியா எண்ணட்டும். ரெண்டு பேரும் முடிக்கற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. மொதல்ல நீ "எண்ணூறு"ன்னு சொல்லிட்டீன்னா அவனுக்கும் எண்ணூறுதான் வரும். மரியாதைக்காரப் பய.

நூத்து நாப்பதுல இருக்கறப்போதான் அந்தத் துரை வருவாரு. சேத்துப் பருந்து. ரெக்கையை மேல தூக்கி வெச்சுகினு, கோரைப் புல்லு தலையை ஒரசற மாதிரி தாழ்வா, ஆடி அசைஞ்சு. அதுவும் குளிருக்கு நம்ம ஊருக்கு வர்ற விருந்தாளிதான். பாத்த ஒடனே மொத்த நாமக்கோழியும் நெருங்கி ஒரே கட்டா ஒட்டிக்கும். பருந்து கிட்ட வந்தா, தண்ணி மேல தடதடன்னு காலால ஓடி, அப்புறந்தான் ரெக்கை தூக்கும். நேரா எழும்பத் தெரியாது அதுக்கு. அப்படி ஓடுறப்போ தண்ணியில ஒரு வெள்ளைக் கோடு விழும் பாரு, கேமராவை வுட்டுட்டுக் கண்ணால பாரு. கணக்கு போச்சா? போவட்டும். அடங்கினதும் திரும்ப எண்ணு. பருந்தைத் திட்டாத. அதையும் ஒண்ணுன்னு எழுதிக்க.

ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் நடுத்தண்ணியில கெடக்கும். கரையோரச் சேத்துல உள்ளான் கூட்டம் ஓடும். அதுல எது எந்த உள்ளான்னு சொல்றவனுக்கு நான் கும்பிடு போடறேன். அஞ்சாறு வகை உள்ளானும் தூரத்துலேர்ந்து பாத்தா ஒரே பழுப்பு. ஒனக்குத் தெரியலைன்னா "உள்ளான், வகை தெரியல, அறுபது"ன்னு எழுது. ஒன் போன்ல ஒரு செயலி இருக்குதே, அது ஏதோ ஒரு பேரைக் கூசாமச் சொல்லும். அதை அப்படியே எழுதி அனுப்பிட்டு, "புதுச்சேரியில முதல் முறையா"ன்னு முகநூல்ல படம் போடாத. அரிய பறவையைக் கண்டுபுடிக்கற ஆசை இருக்குதே, அது பொண்ணு பாக்கப் போறவன் ஆசையைவிட மோசம். சாதாப் பறவையை ஒழுங்கா எண்ணினவன்தான் பின்னால வேலைக்கு ஆவான்.

இன்னொண்ணு. ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம்னு எழுது. போன வருஷம் இருநூறு கூழைக்கடா, இந்த வருஷம் பூஜ்யம்னா, அந்தப் பூஜ்யந்தான் தாள்லயே பெரிய சேதி. ஒன் ஆளுங்க என்னா பண்றாங்க? பறவை இல்லாத ஏரிக்குப் போயிட்டு, "டல்லா இருந்திச்சு"ன்னு எழுதாமயே வந்துடறாங்க. காலி ஏரியை எவனும் கணக்குல சேக்கலைன்னா, நாட்டுல எல்லா ஏரியிலயும் பறவை இருக்கற மாதிரியே ஆயிடும். கணக்கு சொல்லும் அமோகம். ஏரியில கெடக்கும் ஆகாயத்தாமரை.

ஒரே நாள்ல எல்லா எடத்துலயும் எண்ணணும், அதையும் கேட்டுக்க. இங்க ஊசுட்டேரி, தெக்க பாகூர் ஏரி, வடக்க மரக்காணம் பக்கம் கழுவேலி. கழுவேலியைத் தமிழ்நாடு 2021-ல சரணாலயம் ஆக்கிச்சு. பறவைக்கு இந்த மூணும் ஒரு சாயந்தரத் தூரந்தான். சனிக்கெழமை இங்க எண்ணின வாத்தையே ஞாயித்துக்கெழமை அங்க போய் எண்ணிட்டு ரெட்டிப்பு ஆயிடுச்சுன்னு குதிச்சா, வாத்து நம்மளப் பத்தி என்னா நெனைக்கும்?

அப்புறம் கூட்டிக் கழிச்சு, "அம்பதாயிரத்துலேர்ந்து முப்பதாயிரம் ஆயிடுச்சு, ஐயோ"ன்னு ஒருத்தன் அழுவான். இன்னொருத்தன், "ஆறாயிரத்துலேர்ந்து பத்தாயிரம், சாதனை!"ன்னு பொன்னாடை போத்திக்குவான். ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணு கேளு: அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படி? நல்ல மழை வருஷம் குட்டை குளமெல்லாம் ரொம்பும். பறவை நூறு எடத்துக்குப் பிரிஞ்சு போவும். பெரிய ஏரியில கொறைச்சலாத் தெரியும். மழை பொய்ச்ச வருஷம் குட்டையெல்லாம் காஞ்சு, இருக்கற கொஞ்ச நஞ்சமும் ஒரே ஏரியில வந்து அடையும். எண்ணுறவனுக்குக் கொண்டாட்டம், பறவைக்குத் திண்டாட்டம். கூட்டம் அதிகம்னா சுகம்னு அர்த்தமா? கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில கூடத்தான் கூட்டம் அதிகம்.

அதனாலதான் சொல்றேன், பறவை எண்ணுற அன்னைக்கே தண்ணியையும் அளந்துகினு வா. கல்யாணத்துல பந்திக்குப் பந்தி எலையை மட்டும் எண்ணிகினு, அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பாக்காத மாமனை நீ பாத்திருப்ப. முன்னூறு எலை, நானூறு எலைன்னு நோட்டுல எழுதிகினே இருப்பான். உள்ள சோறு தீந்து அரை மணி நேரம் ஆயிருக்கும்.

தண்ணின்னா, எம்மாம் ஆழம், எங்க சேறு, எங்க புல்லுன்னு. நெறைஞ்ச ஏரிதான் நல்ல ஏரின்னு ஒன் ஆளு பேசறான். வாத்துக்கும் நாமக்கோழிக்கும் சரி. குச்சிக் காலு உள்ளான் கழுத்தளவு தண்ணியில நின்னு என்னா பண்ணும்? அதுக்குக் கணுக்கால் தண்ணி, அதுக்குக் கீழ சேறு, சேத்துல புழு. மழைக்கு ரொம்பி, தை மாசியில மெதுவா எறங்கி, பங்குனியில ஓரம் தெரியற ஏரிதான் எல்லாருக்கும் சோறு போடற ஏரி. ஓரத்தையெல்லாம் செங்குத்தாக் கல்லு கட்டி, நடைபாதை போட்டு, அலங்கார விளக்கு நட்டு வெச்சு "ஏரி மேம்பாடு"ன்னு பலகை மாட்டினா உள்ளான் எங்க எறங்கும்? பெஞ்சுலயா?

தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியுமா ஒனக்கு? வானத்துலேர்ந்துன்னு சொல்லாத. சங்கராபரணி ஆத்துலேர்ந்து, சுத்துக்கேணி வாய்க்கால் வழியா. மேல வீடூர் அணை. அந்த வாய்க்கால்ல நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிச்சுன்னா, கரை ஒடைஞ்சுதுன்னா, நடுவுல ஒருத்தன் ரெண்டு லோடு மண்ணைக் கொட்டினான்னா ஏரிக்குத் தண்ணி கெடையாது. ஏரிக்கு இல்லன்னா பறவைக்கு இல்ல. ஆயிரம் பேரு ஏரிக்கரையில நின்னு வாத்தைப் படம் புடிக்கறான். வாய்க்கால் மேல நடந்து போனவன் யாரு? அங்க செல்ஃபி நல்லா விழாது, முள்ளு குத்தும்.

இந்த வளையம் போடற கதையும் கேள்விப்பட்டேன். கோடியக்கரையில பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்து ஆளுங்க பறவையைப் புடிச்சு, காலுல நம்பர் போட்ட வளையம் மாட்டி வுடறாங்க. வளையத்துல "பம்பாய்க்குத் தகவல் சொல்லு"ன்னு இங்கிலீஷுல எழுதியிருக்கும். அதாவது நாமக்கோழிக்கு ஆதார் கார்டு. எனக்கு ஆதார் எடுக்கப் போனப்போ மண்வெட்டி புடிச்ச கையில ரேகை தேஞ்சு பூட்டுதுன்னு திருப்பித் திருப்பி அனுப்பினாங்க. கோழிக்கு அந்த வம்பே இல்ல. இப்போ முதுகுல சின்னதா ஒரு பொட்டியும் கட்டறாங்க, அது எங்க போவுதுன்னு வானத்துலேர்ந்து சேதி சொல்லும். பொட்டியோட எடை பறவை எடையில நூத்துக்கு மூணுக்கு மேல போவக் கூடாதுன்னு ஒரு நியாயம் வெச்சிருக்காங்க. நம்ம ஊரு பள்ளிக்கூடத்துப் புள்ள முதுகுக்கு அந்த நியாயம் கெடையாது.

கொக்கு தலையில வெண்ணெய் வெச்சுப் புடிக்கற வேலைன்னு நானும் சிரிச்சேன். ஆனா வந்த சேதியக் கேட்டதும் வாயை மூடிகினேன். 2022-ல அலாஸ்காவுலேர்ந்து கெளம்பின ஒரு மூக்கன், பொறந்து அஞ்சு மாசக் குஞ்சு, கீழ எறங்காம பதினோரு நாள் பறந்து ஆஸ்திரேலியாவுக்குத் தெக்க டாஸ்மேனியாவுல போய் எறங்கிச்சாம். 13,560 கிலோமீட்டர். சோறு இல்ல, தூக்கம் சரியா இல்ல, ஆத்தா அப்பன் கூட இல்ல. நீ முதலியார்பேட்டையிலேர்ந்து பீச்சுக்கு வர ஆட்டோ கேக்கற.

அப்படிப் பறக்கறதுக்கு அது என்னாத்தைப் போட்டுகினு போவுது? ஒடம்புக் கொழுப்பை. நம்ம ஏரிக்கு வர்றதுங்களும் அப்படித்தான். மாசி பங்குனியில நாள் பூரா தின்னு தின்னு கொழுப்பு சேத்துகினு, அப்புறந்தான் வடக்க கெளம்பும். அந்த நேரம் பாத்து ஒருத்தன் ட்ரோன் வுடறான். ரீங்குன்னு சத்தம், மொத்தக் கூட்டமும் எழும்பும், படம் பிரமாதமா வரும். பறவை எழும்பிச் சுத்தி எறங்கறதுக்குள்ள காலையில தின்னதெல்லாம் கரைஞ்சு போவும். ஒனக்கு ஆயிரம் லைக்கு, அதுக்கு வழியில எங்கயோ பசி. பறவைப் படம் எடுக்கறதுக்கே தடை போடணும்னு நான் சொல்லல. பறக்க வெச்சுப் படம் எடுக்கறவனை ஊசுட்டேரியை ஒரு சுத்து ஓட வெச்சு நானும் படம் எடுக்கணும்னு ஆசை, அவ்வளவுதான்.

விழா வேற நடத்தறாங்க. ஈரநில நாள்னு பிப்ரவரி ரெண்டு. 1971-ல ஈரான்ல ராம்சார்ங்கற ஊர்ல உக்காந்து உலக நாடுங்க கையெழுத்துப் போட்ட நாளு. அதுல நல்ல கணக்கு ஒண்ணு இருக்குது. ஒரு எடத்துல வழக்கமா இருபதாயிரம் நீர்ப்பறவை தங்கினாலோ, இல்ல ஒரு வகைப் பறவையோட மொத்தத்துல நூத்துக்கு ஒண்ணு அங்க தங்கினாலோ, அது உலகத்துக்கே முக்கியமான எடம். நீ காலையில வெயில்ல நின்னு போடற கணக்கு இங்கதான் காசாவும். கணக்கு இல்லாம போய் "எங்க ஏரி பெரிய ஏரி"ன்னு சொன்னா, "எல்லாரும் அதான் சொல்றாங்க"ன்னு அனுப்பிடுவான்.

அது சரி. நம்ம ஊர்ல அந்த நாளை எப்படிக் கொண்டாடறாங்க? குளிர்சாதன ரூமுல ஈரநிலத்தைப் பத்திப் பேச்சு. வாசல்ல "பறவைகளைப் பாதுகாப்போம்"னு ஃப்ளெக்ஸ், பறவை அடையற மரத்துலயே கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும். மைக் செட்டு அலறும். தலைவரு சைபீரியாவுலேர்ந்து வர்ற பறவையை வரவேற்பாரு, அது மைக் சத்தத்துலயே திரும்ப சைபீரியாவுக்குக் கெளம்பிடும். மத்தியானம் பிரியாணி. காடையா கோழியான்னு நான் விசாரிக்கல.

பெரிய கூட்டமும் நடக்குது. 2020 பிப்ரவரியில காந்திநகர்ல வலசை உயிரினங்களுக்காக உலக நாடுங்க மாநாடு கூடிச்சு. வடக்க சைபீரியாவுலேர்ந்து தெக்க நம்ம இந்துமாக்கடல் வரைக்கும் மத்திய ஆசிய வான்வழின்னு ஒண்ணு, முப்பது நாட்டு மேல போவுதாம். அதுக்கு நம்ம நாடு 2018-ல ஒரு திட்டமும் போட்டு வெச்சுது. நல்லதுதான், குத்தம் சொல்லல. முப்பது நாடு ஒரு மேசையில உக்காந்து பேச முடியுது. ஊசுட்டேரிக்கு ரெண்டே ரெண்டு ஆபீசு. அது ஒரு திண்ணையில உக்காரக் கூடாதா?

இப்போ வேடந்தாங்கலுக்கு வா. "எங்க முன்னோருக்குப் பறவை மேல அப்படி ஒரு பாசம்"னு மேடையில கண்ணீர் வுடுவாங்க. பாசமாவது, மண்ணாங்கட்டியாவது! பறவை மரத்துல அடைஞ்சா எச்சம் ஏரியில விழும். அந்தத் தண்ணி வயல்ல பாஞ்சா எரு போட வேணாம், நெல்லு தானா வெளையும். அதைக் கண்டுகினவன் பாட்டன். வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க வந்து பறவையைச் சுட்டப்போ, ஊர்க்காரங்க நேரா செங்கல்பட்டு கலெக்டர் பிளேஸ் துரைகிட்ட போய் நின்னாங்க. 1798-ல சுடக் கூடாதுன்னு உத்தரவு வாங்கிகினு வந்தாங்க. 1858-ல திரும்பவும் போய்ப் புதுப்பிச்சுகினாங்க. பல்லாயிரம் மைல் தாண்டி வந்த துரையை மடக்கிக் காகிதம் வாங்கினது எந்தப் பாசம்? வயித்துப் பாசம். தீவாளிக்கு வெடி வெக்காம இருக்கற ஊரு அது. புள்ளைங்களை எப்படி அடக்கினாங்கன்னு நெனக்கற? "ஒன் வெடியால பறவை போச்சுன்னா ஒன் சோறும் போச்சு"ன்னு சொன்னா எந்தப் புள்ளைக்கும் புரியும்.

நம்ம ஊசுட்டேரியும் அப்படித்தான் பொழைச்சுகினு கெடந்திச்சு. ஆயக்கட்டுக்காரனுக்கு ஏரி ரொம்பணும். அதுக்காக வாய்க்கால் தூரெடுப்பான், கரை போடுவான், மதகுக்குக் காவல் இருப்பான். பிரெஞ்சுக்காரன் காலத்துல விவசாயிங்களே சங்கம் வெச்சு, பணம் போட்டு, ஏரியைப் பாத்துகினாங்க. பறவை அந்த வேலையில ஓசியில பொழைச்சிகிச்சு. ஒருத்தனும் பறவைக்குன்னு ஒரு கூடை மண்ணு சொமக்கல.

இப்போ என்னா ஆச்சு? ஆயக்கட்டு மனைக்கட்டு ஆயிட்டுது. நெல்லு போட்டவன் "தண்ணி வுடு"ன்னு சண்டை போடுவான். மனை வாங்கினவன் "தண்ணி வுடாத, வீட்டுக்குள்ள வருது"ன்னு சண்டை போடுவான். கலங்கல்ல தண்ணி வழிஞ்சா அந்தக் காலத்துல பொங்கல் வெச்சு கெடா வெட்டுவாங்க. இப்போ கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்கறாங்க. ஏரி ரொம்பக் கூடாதுன்னு நெனக்கறவன் பெருகிட்டான், ரொம்பணும்னு நெனக்கறவன் கொறைஞ்சுட்டான். பறவை கொறைஞ்சா அதுதான் காரணம்னு ஒன் தாள்ல எந்தக் கட்டத்துல எழுதுவ? அதுக்குக் கட்டமே கெடையாதே!

டவுன்காரன் நெனக்கறான், இது கிராமத்துக்காரன் தலைவலின்னு. அடேய், நீ குடிக்கறது என்னா தண்ணி? பூமிக்குள்ளேர்ந்து எடுக்கற தண்ணி. பாரதி பூங்காவுல நடுவுல நிக்குதே ஆயி மண்டபம், அது எதுக்கு நிக்குது? முத்திரப்பாளையத்துலேர்ந்து நம்ம டவுனுக்குத் தண்ணி வந்த கதைக்கு நிக்குது. மேக்கால ஏரி ரொம்பி ஊறினாத்தான் கீழ ஊத்து ஏறும். ஏரி காஞ்சு, மேல மேல போர் போட்டு உறிஞ்சிகினே இருந்தா, கெழக்கால என்னா இருக்குது? கடல். காலியா இருக்கற எடத்துக்கு அது வருமா வராதா? கடலோர ஊர்ங்கள்ல போர்த் தண்ணி உப்பாயிட்டுதேன்னு பொலம்பறவனைக் கேட்டுப் பாரு. நாளைக்கு ஒன் வீட்டு டீயில உப்பு கரிச்சா நாமக்கோழியைத் திட்டாத.

அதனால பறவை மேல பாசம் வையின்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். பாசம் ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் வர்ற சாமான். ஒன் வீட்டு போர் மேல ஆசை வை. அந்த ஆசையில நீ ஏரிக்குத் தண்ணி கேளு. தண்ணி வந்தா வாத்து தானா வரும், அதுக்கு அழைப்பிதழ் அச்சடிக்க வேணாம்.

டீ ஆறுது, குடி. குடிச்சுகினே கேளு, வர்ற ஜனவரிக்கு என்னா பண்ணணும்னு. தொப்பி போட்டுக்க, வெயில் அடிக்கும். பீரங்கியை வூட்டுல வுட்டுட்டு ஒரு பைனாகுலர் எடுத்துக்க, அது போதும். விடிஞ்சதும் பறவையை எண்ணு. பத்து மணிக்கு மேல பறவை அடங்கிடும், பசங்களைக் கூட்டிகினு சுத்துக்கேணி வாய்க்கால் மேல நடந்து போ. எங்க அடைப்பு, எங்க ஒடைப்பு, எவன் குப்பை கொட்டறான், எந்த மதகு தொறக்க மாட்டேங்குதுன்னு பறவைத் தாளுக்குப் பின்பக்கம் எழுதிக்க. அதை ரெண்டு நகல் எடு. ஒண்ணு நம்ம வனத்துறை ஆபீசுல குடு, ஒண்ணு விழுப்புரம் பக்கத்து ஆபீசுல குடு. "படிச்சுப் பாக்கறோம்"னு வாங்கி ஓரமா வெப்பாங்க. நீ அசையாத. குடுத்ததுக்கு அத்தாட்சி கேளு. தேதியோட, ரப்பர் ஸ்டாம்போட. குடுக்கற வரைக்கும் நாற்காலியை வுட்டு எழுந்திருக்காத. ஒத்தைக்கால்ல நிக்க அவ்வளவு பறவை சொல்லிக் குடுத்திருக்குதே!